கூழுக்கும் ஆசை

மூன்று இரவுகளாக
இடப்பக்கக் கீழ்க் கடைவாயில்
யாரோ டீசல் எஞ்சினை ஓடவிட்டு
சாவியோடு போய்விட்டார்கள்.
படுத்தால் வேகம் கூடும்.
எழுந்து படித்துறைக்குப் போய்
பீலுத்தீவுப் படகுகளுக்கு நடுவே
நின்றபடியே தூங்கப் பார்த்தேன்.

மோல்மேன், கீழ் மெயின் ரோடு,
மாடியில் டாக்டர் தவச்செல்வி.
பலகையில் அவள் பெயர் வேறு.
சீட்டில் என் பெயரும் வேறு: ஊ எய் மின்.
எய் என்றால் பர்மியில் குளிர்ச்சி.
"குளிர்ந்தவரே, வாயைத் திறங்க" என்று
பஞ்சில் பனிப்புகை அடித்துப்
பல்லின் தலையில் வைத்தாள்.
அந்த நாற்காலிக்குக் கைப்பிடி
இன்னும் இருக்கிறதா தெரியவில்லை.
பஞ்சை எடுத்த பிறகும்
பதினைந்து, இருபது, முப்பது என்று
என் கத்தலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிடுங்கிடுங்க டாக்டர், என்றேன்.
நான் படகு எஞ்சின் பார்க்கிறவன்.
ஒழுகும் பம்பைக் கொஞ்சிக்கொண்டிருக்க மாட்டேன்.
கழற்று, தூக்கிப் போடு, புதுசு வாங்கு:
முப்பத்தைந்து வருஷமாக
வந்தவனுக்கெல்லாம் இதைத்தான் சொன்னேன்.

"புதுசு எந்தக் கடையில்?" என்றாள்.

வேர்வரைக்கும் துழாவி வழித்து
அடைத்துத் தொப்பி மாட்டலாம்.
மூன்று தடவை வர வேண்டும்.
அந்தக் காசில் ஒரு கியர்பாக்ஸ் வரும்.
இல்லையென்றால் இன்னொன்று இருக்கிறது.
பல்லுக்குள் கூழ் உண்டு.
மேல்கூழ் வெந்துவிட்டது,
வேர்க்கூழ் ஒருவேளை நன்றாயிருக்கும்.
வெந்ததை மட்டும் எடுத்துவிட்டு
மிச்சத்தை உயிரோடு மூடலாம்.
முன்பெல்லாம் பால்பல்லுக்குத்தான்.
இப்போது உங்கள் வயசுப் பல்லுக்கும்.

"ஒருவேளையா?"
"ஒருவேளைதான்."

பல்லும் வேண்டும், பணமும் வேண்டும், என்றேன்.
"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்று அவள்
ரப்பர் துணியை விரித்தபோது
மீசை நிஜமாகவே கவ்வியில் மாட்டியது.
உதவிக்கு நின்ற கோ ஸின் பழமொழி தெரியாமலே சிரித்தான்.

மரத்த தாடை. ஊசிச் சத்தம்.
கூரை திறந்த நேரத்தில்
மின்சாரம் போனது.

எதிர்க்கடை ஜெனரேட்டர்,
நாலாம் இழுப்பில் இருமி எழுந்தது.
எண்ணெய் மாற்றி ஒரு வருஷமாகியிருக்கும்,
காற்று வாங்குகிறது, வடிகட்டியைப் பார்.
சொல்ல எனக்கு வாயில்லை.

"ரத்தம் வருது" என்றாள் சந்தோஷமாக.
வராவிட்டால் செத்த கூழ்.
வந்து நிற்காவிட்டால் கெட்ட கூழ்.
வெளுப்பு மருந்தில் நனைத்த பஞ்சு,
தரை கழுவிய ஆஸ்பத்திரி வாசனை.
இரண்டு நிமிடம். தூக்கினாள். சிவப்பு.
மறுபடி அழுத்தினாள்.
நாலு. இன்னும் சிவப்புத்தான்,
ஆனால் சோம்பலாக.
கோ ஸின் கைப்பேசி விளக்கு நடுங்கியது.
யாரும் பேசவில்லை.
வேலையைத் தான் செய்யாமல்
ரத்தம் முடிவெடுக்கட்டும் என்று
கையைக் கட்டி உட்கார்ந்த ஒருத்தியை
அன்றுதான் பார்த்தேன்.

ஆறு.

கண்ணாடியில் காட்டினாள்:
நான்கு சிறு துவாரங்கள், இளஞ்சிவப்பு,
ஒன்றும் பொங்கவில்லை.
வெள்ளைச் சிமெண்ட்டைக் குழைத்து வைத்தாள்.
ஈரத்தில்தான் இறுகுமாம்.
படித்துறைக்குத் தூண் நட்டவனுக்கு
அதை விளக்க வேண்டியதில்லை.

அன்றிரவு தாடை லேசாக முனகியது,
நான் குறட்டை விட்டதாக வீட்டில் புகார்.

ஒரு மழைக்காலம் போனது.
மறுபடி பனிப்புகை.
பக்கத்துப் பல் துள்ளியது.
இது வாயே திறக்கவில்லை.
போயிடுச்சா டாக்டர்?
"இனி இது இப்படித்தான், பேசாது" என்று
படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
வேர் நுனியில் கறுப்பில்லை.
"இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
அடுத்த வருஷம் வாங்க."

நேற்று ஒரு மீன்படகுக்காரன்
ஒழுகும் பம்போடு வந்தான்.
புதுசு போட்டுடலாமா, என்றான்.
பொறு, என்றேன்.
மேல்மூடியைக் கழற்றித் துடைத்து
துணியை ஒற்றி, அழுத்திப் பிடித்து
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
அவன் என்னைப் பார்த்தான்.

ஆறு நிமிடம்.
நிற்கவில்லை.
புதுசு வாங்கப் போனான்.